எஃகில் எழும் ஆறுதல்

மலையடிவாரத்துத் தியான இல்லம் ஒன்றில் சென்ற ஆண்டு ஓர் இசையமர்வில் பங்குபெறும் வாய்ப்புக் கிட்டியது. முப்பது பேர் பாய்விரித்துக் கண்மூடிப் படுத்திருந்தோம். இரு பெருங்கிண்ணங்களை வாயோடு வாய் பொருத்தி ஒட்டினாற்போன்ற எஃகுக் கருவியொன்றை மடியில் ஏந்தி, இளைஞர் ஒருவர் விரல்நுனிகளால் மெல்லத் தட்டினார். மணியோசையும் அன்று, முழவோசையும் அன்று. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்தாற்போன்றதோர் ஓசை கூடத்தை நிறைத்தது. ஒரு மணி நேரம் கழிந்ததே தெரியவில்லை. என் மனம் இலேசாகியிருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அமர்வு முடிந்ததும் முதிய பெண்மணி ஒருவர் இளைஞரை அணுகி, "தம்பி, இதைத் தொடர்ந்து கேட்டுவந்தால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். இளைஞர் புன்னகைத்து, "உங்கள் உடம்பே அதை உங்களுக்குச் சொல்லும் அம்மா" என்றார். இசை தந்த நிறைவெல்லாம் அந்த ஒரு விடையில் எனக்குக் கலைந்துபோயிற்று. கருவியைப் பழிப்பதற்காக அன்று, அதன் மெய்யான பெருமை எது, அதன்மேல் ஏற்றப்படும் பொய்ப்பெருமை எது எனப் பிரித்தறியவே இதை எழுதுகிறேன்.

இன்று 'ஹேண்ட்பேன்' எனப் பொதுப்பெயரால் வழங்கும் இக்கருவிகளுக்கெல்லாம் தாய், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த 'ஹாங்' ஆகும். அவ்வூர் வட்டார மொழியில் அச்சொல்லுக்குக் 'கை' என்பது பொருள். 'பேன்ஆர்ட்' என்னும் தம் பட்டறையில் ஃபெலிக்ஸ் ரோனரும் சபீனா ஷேரரும் அதை 2000-ஆம் ஆண்டில் உருவாக்கி, மறு ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் இசைக் கண்காட்சியில் உலகிற்குக் காட்டினர். அதன் பிறப்பில் நம் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. 1999-ஆம் ஆண்டின் இறுதியில் ரேட்டோ வெபர் என்னும் சுவிஸ் தாளவாத்தியக் கலைஞர் அப்பட்டறைக்கு வந்தார். அவர் நமது கடத்தை வாசிப்பவர். கடத்தைப்போல் வெறுங்கையால் வாசிக்கத்தக்கதாய், அதே வேளையில் சில சுரங்களும் கொண்டதாய் ஒரு கருவி கிடைக்குமா என்பதே அவரது வேட்கை. மானாமதுரைக் குயவர்கள் காலங்காலமாய்ச் சூளையில் சுட்டுவரும் மட்பானையின் நினைவு அவ்வாறு ஓர் ஐரோப்பியப் பட்டறையின் எஃகுக்குள் புகுந்தது. ஹாங்கின் அடிப்புறத்தில் 'கு' என வழங்கும் வட்டத் துளையொன்று உண்டு. அதன் வழியே உள்ளிருக்கும் காற்று முனகுவதைக் கேட்போர், கடத்தின் வாயிலிருந்து எழும் ஆழ்ந்த மூச்சை நினைவுகூராமல் இருக்க முடியாது.

எனினும் அதன் மூத்த குருதி வேறிடத்தது. பெர்ன் பட்டறை பல ஆண்டுகள் பழகிய கைத்தொழில் ஸ்டீல்பேன் செய்வதே. அது டிரினிடாட் தீவின் கருவி. அங்கே 1880-களில் ஆங்கில ஆட்சியாளர் கறுப்பின மக்களின் முழவுகளைச் சட்டத்தால் அடக்கினர். முழவு பறிபோனபின் மக்கள் மூங்கில் தண்டுகளைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினர். பின்னர் பிஸ்கட் டப்பாவையும் வண்டியின் தடுப்புச் சக்கரத்தையும் தட்டினர். 1940-களில் 55 காலன் எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழித்து, அதில் முழு இசைவரிசையையே பிறப்பித்தனர். தெருப் போக்கிரிகளின் இரைச்சல் என்று உயர்குடியினர் இகழ்ந்த அக்கருவி 1951-இல் இலண்டன் விழாவில் ஒலித்தது. 1992-இல் அந்நாட்டின் தேசியக் கருவியாயிற்று. ஒலிவழிக் குணமாக்கலைப் பற்றிப் பேசுவோர் பலரும் இவ்வரலாற்றை ஒரு சொல்லாலும் நினைப்பதில்லை. 'தொன்மை ஞானம்' எனத் திரையிட்டு அவர்கள் விற்கும் ஓசை, உண்மையில் பூட்டிய வாய்களிலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு முன் வெடித்தெழுந்த ஓசையின் பேரப்பிள்ளை. ஒடுக்கப்பட்டோரின் காயம் அதனுள் இருக்கிறது. இதை அறிந்து கேட்பவனுக்கு அவ்விசையில் அமைதி குறையாது, ஆழம் கூடும்.

அவ்வோசை ஏன் நம்மைத் தணிக்கிறது? இதில் மறைபொருள் ஏதுமில்லை. ஹாங்கின் நடுவில் 'டிங்' என்னும் குமிழும், அதைச் சுற்றி ஏழெட்டுச் சுரத் தளங்களும் உள்ளன. ஒவ்வொரு தளத்தையும் கைவினைஞர் சுத்தியலால் நுட்பமாகத் தட்டி, அதில் ஒன்றல்ல, மூன்று ஒலிகளை அமைக்கிறார். அடிச்சுரம் ஒன்று, அதன் இருமடங்கு அதிர்வெண்ணில் ஒலிக்கும் மேற்சட்சமம் ஒன்று, மும்மடங்கில் ஒலிக்கும் மேற்பஞ்சமம் ஒன்று. தாமஸ் ராசிங் முதலிய ஒலியியல் அறிஞர் இவ்வமைப்பை அளந்து விளக்கியுள்ளனர். நம் தம்புராவும் சட்சம பஞ்சமங்களைச் சுற்றிச் சுற்றியே தன் வலையைப் பின்னுகிறது. ஆகவே தமிழ்ச் செவிக்கு இவ்வோசை அயலாய்த் தோன்றாததில் வியப்பில்லை. மேலும், கருவியிலுள்ள சுரங்கள் எல்லாம் ஒரே இசைவட்டத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. கற்றவனும் கல்லாதவனும் எங்கே விரல் வைத்தாலும் பெரும்பாலும் காது கூசாது. கோலின்றித் தோலும் எஃகும் நேரே தொடுவதால் ஓசையின் முகப்பில் கூர்மை இல்லை. தாளமும் மூச்சின் வேகத்திலேயே நடக்கிறது. இத்தனையும் சேர்ந்தால் நெஞ்சம் இளகாமல் என் செய்யும்?

ஆனால் இங்கேதான் திறனாய்வாளன் சற்று நின்று கேட்க வேண்டும். தவறே செய்ய இயலாத கருவியில் உண்மை சொல்ல இயலுமா? இக்கருவியில் கமகம் இல்லை. ஒரு சுரத்தை வளைத்து மறு சுரத்தின் வாசலில் ஏங்க வைக்க வழியில்லை. கருவி செய்யப்பட்ட நாளில் அமைந்த சுரங்களே அதன் முழு உலகம். முகாரியின் விம்மல் அதில் பிறவாது. அபசுரத்தின் விளிம்புவரை சென்று மீளும் இசையின் துணிவும் அதில் அரிது. பிணக்கு இல்லாத இடத்தில் இணக்கம் எப்படிப் பொருள் பெறும்? தேர்ந்த கலைஞர் சிலர் தாளக்கட்டின் நுட்பத்தாலும், வேண்டுமென்றே விடும் மௌனத்தாலும் இக்குறையை வெல்கின்றனர். அவர்கள் வாசிப்பில் கடத்தின் கணக்கும் கேட்கும். டிரினிடாட் தெருவும் கேட்கும். ஆனால் 'சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் அமர்வுகளில் பெரும்பாலும் கேட்பது, கரையோரத்திலேயே கால் நனைத்துத் திரும்பும் இசை. துயரைத் தாலாட்டித் தூங்கவைப்பதே அதன் தொழில். அதுவும் ஒரு தொண்டே. ஆயினும் அழவேண்டிய துயரையும் அது தூங்கவைத்துவிடக்கூடும்.

இசையின் குறையைவிடக் கொடியது, அதன்மேல் ஒட்டப்படும் எண்களின் பொய். 528 ஹெர்ட்ஸ் உடலின் உயிரணுவைச் செப்பனிடும், 396 ஹெர்ட்ஸ் அச்சத்தைப் போக்கும் என்றெல்லாம் சொல்லி, அவ்வெண்களுக்கேற்பச் சுருதி கூட்டிய கருவிகளைச் சிலர் விற்கின்றனர். இவற்றைத் திரு அவையின் பண்டைய இசைவரிசை என்றும் கூறுகின்றனர். 11-ஆம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத் துறவி குயிதோ, திருமுழுக்கு யோவானின் இலத்தீன் பாமாலையிலிருந்து சுரப்பெயர்களை எடுத்துப் பாடகர்க்குக் கற்பித்தது உண்மை. ஆனால் அவர் கற்பித்தது சுரங்களுக்கிடையே உள்ள தொலைவை மட்டுமே. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என எண்ணும் முறை அக்காலத்தில் எவரிடமும் இல்லை. அதைத் தேடி அளந்து 1636-இல் நூலாக வெளியிட்டவர் மரேன் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி. அப்படியானால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? எண்ணிக்கை நூலின் 7-ஆம் அதிகாரத்து வசன எண்களைக் கூட்டிக் குறுக்கி எடுத்தவை அவை. 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நூல்வழியே பரவியவை. விவிலியத்தில் இன்று வழங்கும் அதிகாரப் பிரிவோ 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது. அச்சு நூல்களில் வசன எண் நிலைத்தது 16-ஆம் நூற்றாண்டில். குயிதோ இறந்து நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்த எண்களை அவர் எவ்வாறு பாடியிருப்பார்? இன்னொன்றும் உண்டு. எஃகு வெயிலில் சூடேறினால் சுருதி இறங்கும். காலையில் 528 ஒலித்த தளம் நண்பகலில் அதே எண்ணில் ஒலிக்காது. குணமாக்கும் ஆற்றல் அந்த எண்ணில் இருந்தால், அது நண்பகலில் எங்கே போயிற்று?

இவ்வாறு சொல்வதால் இசைக்கு நோயாளியிடம் வேலையில்லை என்பதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் 3000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, கலைகள் மனித நலத்திற்குத் துணைநிற்கும் வழிகளைத் தொகுத்தது. புற்றுநோயாளர்க்கு இசை தரும் பயனைப் பற்றி 80-க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சீர்தூக்கிய காக்ரேன் அறிக்கை 2021-இல் வெளிவந்தது. கவலை, வலி, களைப்பு ஆகியவை இசையால் தணியக்கூடும் என்றும், எனினும் சான்றுகளின் உறுதி ஒரே சீராக இல்லை என்றும் அது நிதானமாக உரைக்கிறது. இசை கட்டியைக் கரைக்கும் என்று எங்கும் கூறவில்லை. நோய் வேறு, நோயின் துன்பம் வேறு. மருந்து முன்னதோடு போராடுகிறது. இசை பின்னதன் அருகில் அமர்கிறது. அருகில் அமர்வது சிறிய செயலா? இரவு முழுதும் மருத்துவமனைக் கட்டிலருகே விழித்திருந்தவர்கள் அதற்கு விடை சொல்லட்டும்.

இசையால் நோய் தணிந்த பழங்கதைகளுள் நமக்கெல்லாம் தெரிந்தது சவுலின் கதை. தாவீது யாழ் மீட்ட, அரசனின் உள்ளம் ஆறுதல் அடைந்தது என்று சாமுவேல் முதல் நூலின் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஒலிவழிக் குணமாக்கலைப் போற்றுவோர் கதையை இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். இரண்டு அதிகாரங்கள் தள்ளிப் படித்தால், அதே தாவீது அதே யாழை மீட்டிக்கொண்டிருக்கும்போதே சவுல் அவர்மேல் ஈட்டியை எறிகிறான். யாழில் குற்றமில்லை, மீட்டிய கையிலும் குற்றமில்லை. இடையில் பெண்கள் பாடிய வெற்றிப்பாடல் ஒன்று அரசன் நெஞ்சில் பொறாமையை விதைத்திருந்தது. ஒரு பாட்டு ஆற்றிய மனத்தை இன்னொரு பாட்டு கிளறிவிட்டது. சவுலின் கலக்கத்தை இசை தணித்தது. அவனது பொறாமையை அது தொடவில்லை. அதைத் தீர்க்க அவனே மனம் திரும்பியிருக்க வேண்டும். விவிலியம் இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்திருப்பது இசையின் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது.

2013-இன் இறுதியில் பெர்ன் பட்டறையார் ஹாங் செய்வதை நிறுத்தி, வேறு எஃகு ஓசைகளைத் தேடிச் சென்றனர். ஆயினும் அவர்கள் ஏற்றிய சுடரிலிருந்து உலகெங்கும் பல பட்டறைகள் விளக்கேற்றிக்கொண்டன. இக்கருவி இனி நம்முடன்தான் இருக்கும். நம் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அது ஒலிக்கட்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் அதை ஏந்தும் கைகளுக்கு இசைப்பயிற்சியோடு நேர்மையும் வேண்டும். ஆறுதலைக் குணம் என்று கூறி விற்பவன் இரண்டையுமே மலிவாக்குகிறான். மருந்துக்கும் இழப்பு, இசைக்கும் இழப்பு, நம்பி வந்த நோயாளிக்கோ உயிரே இழப்பாகலாம்.

அம்முதிய தாய் விடைபெற்றுப் படியிறங்கியபோது நானும் உடன் நடந்து, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை விடவேண்டாம் என்று சொன்னேன். அவர் சற்று ஏமாற்றத்துடன்தான் தலையசைத்தார். அந்த இளைஞரே அன்று, "மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா, நாளையும் வந்து கேளுங்கள்" என்று சொல்லியிருந்தால், அது அவர் வாசித்த இசைக்குப் பொருந்தியதாய் இருந்திருக்கும்.