இருளில் திறந்த கதவு

பீஷ்ம சாகனி இந்தியில் எழுதிய ‘தமஸ்’ நாவல் 1975ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. தமஸ் என்றால் இருள். 1947இல், பிரிவினைக்குச் சற்று முன்னர், பஞ்சாபின் ஒரு நகரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மூண்ட கலவரமே கதை.

கால்நடை மருத்துவருக்குத் தேவை என்று முராத் அலி சொன்னதை நம்பி, நாத்து என்னும் தோல் தொழிலாளி ஒரு பன்றியைக் கொல்கிறான். விடிந்ததும் அதன் உடல் பள்ளிவாசல் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. பாதுகாப்புக் கோரி வந்த ஊர்ப் பெரியோரிடம் ஆங்கிலேய ஆட்சியர் ரிச்சர்டு கைவிரிக்கிறார். எல்லாம் முடிந்தபின், அமைதிக் குழுவின் பேருந்தில் அமர்ந்து ஒற்றுமை முழக்கம் எழுப்புபவன் அதே முராத் அலி!

கூர்மையான முடிவுதான். ஆயினும் நமக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. சூழ்ச்சிக்காரன் ஒருவனையும் அந்நிய ஆட்சியாளர் ஒருவரையும் கண்டுகொண்ட வாசகர், ‘யாரோ மூட்டிவிட்டார்கள், நாம் குற்றமற்றவர்கள்’ என்று நிம்மதியாக நூலை மூடிவிடலாம். தீப்பொறி முராத் அலியுடையது. விறகை உலர்த்தி அடுக்கியவர் யார்?

அதற்கும் விடை நாவலிலேயே உண்டு. ரண்வீர் என்னும் சிறுவனுக்கு அவனுடைய ஆசான் கோழியை அறுக்கப் பயிற்றுகிறார். நடுங்கிய கை பழகிவிடுகிறது. பின்னர் அவனுடைய தோழன் ஒருவன், தெருவில் அத்தர் விற்கும் முதியவரைக் குத்திக் கொல்கிறான். மத தேசியம் மிகுந்துபோன பக்தியன்று. கடவுளை ஒரு கூட்டத்தின் கொடியாக்கும் பயிற்சி என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. இதை ஆசிரியர் இன்னும் ஆழமாகத் துருவியிருக்கலாம் என்பதே நம் குறை.

இவ்விருளில் ஒரு கதவு திறக்கிறது. உயிர் தப்பி வந்த சீக்கியத் தம்பதியருக்கு இஸ்லாமியப் பெண் ராஜோ அடைக்கலம் தருகிறாள். அவர்கள் கடையைக் கொள்ளையிட்டவர்கள் அவள் வீட்டு ஆண்களே! ராஜோ தன் சமயத்தைத் துறக்கவில்லை. வந்தவர்களின் சமயத்தை மாற்றவும் முயலவில்லை. சமயச்சார்பின்மைக்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ? அச்சொல் 1976இல்தான் அரசியலமைப்பின் முகப்புரையில் ஏறியது. அது அரசியலமைப்பின் அடிப்படைக் கூறு என்று உச்சநீதிமன்றம் 1994இல் உறுதிசெய்தது. ஆயினும் சட்டம் அரசைக் கட்டுப்படுத்தலாமேயன்றி, நள்ளிரவில் தட்டப்படும் கதவைத் திறக்க அதனால் இயலாது.

1988இல் இந்நாவல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, பகையைத் தூண்டும் என்று தடை கோரினர். நீதிமன்றம் மறுத்தது. கடந்ததைக் காட்டுவது பகையாகாது, மறைப்பதே ஆபத்து.

பீடத்தில் நின்று பேசும் நம்மை இந்நூல் ஒன்று கேட்கிறது: நம் சொல் கேட்டு வளரும் சிறுவர், ராஜோவின் கதவை நோக்கி நடக்கிறார்களா, அந்த ஆசானின் கத்தியை நோக்கியா?