பழத்துக்காகவா இரட்டித்தது?

குரங்குக்குச் சிவப்புத் தெரிவது பழம் பறிக்கவே என்று 1879இல் கிராண்ட் அலன் எழுதியபோது அது ஊகம். இன்று அதே கதை நிறமூர்த்தச் சான்றுடன் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சப்ரகமுவவில் உதாரணத்துக்கும் குறைவில்லை: இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டில் செங்குரங்கு அத்திப்பழம் தேடுகிறது, ஊதாமுக மந்தி தளிர் தின்கிறது, நாகமரத்துக்கும் கறுவாவுக்கும் தளிர் சிவப்பு. கண்ணில் ஒளியை உணரும் புரதங்களான ஒப்சின்களின் பரம்பரையலகுகளை 1986இல் நாதன்ஸ் குழுவினர் பிரித்தறிந்தது பெரும் சாதனை. சிவப்பு, பச்சை ஒப்சின்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து இருப்பதும், ஒன்று மற்றதன் பிரதியாகத் தோன்றியதும் ஐயத்துக்கு இடமற்றவை. பிழை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

செங்குரங்கும் மந்தியும் இரண்டு சான்றுகள் அல்ல. இந்த இரட்டிப்பு ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முந்தியோ, மனிதருக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதையிடம் நிகழ்ந்தது. பழம் விரும்பும் குரங்கும் இலை தின்னும் மந்தியும் ஒரே சொத்தைச் சுதந்தரித்தவை. அவற்றின் இன்றைய உணவு அன்றைய காரணத்தைச் சொல்லாது. இரட்டிப்பும் தேவை கேட்டு வருவதில்லை. ஒத்த நிறமூர்த்தங்கள் சரியாகப் பொருந்தாமல் துண்டு மாற்றும்போது, ஒன்றில் பிரதி கூடுகிறது, மற்றதில் குறைகிறது. இரு பிரதிகளுக்கிடையே அலைநீளம் சுமார் 30 நனோமீற்றர் விலகுவதற்கு முக்கியமாக மூன்று அமினோ அமில இடங்கள் போதும். முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதி ஒவ்வொரு கூம்புக் கலத்திலும் அவற்றில் ஒன்றை மட்டுமே இயக்குகிறது. இதே அயல் அமைப்புத்தான் மனித ஆண்களில் நிறக்குருட்டையும் உண்டாக்குகிறது. செங்குரங்கு அடங்கும் மக்காக் இனங்களில் அது மிக அரிது. ஆகவே இயற்கைத் தேர்வு இந்த அமைப்பைக் காக்கிறது என்பதை ஏற்கலாம். ஆனால் ஒன்று காக்கப்படுவதற்கான காரணம் வேறு, அது தோன்றியதற்கான காரணம் வேறு. காப்பது பழமா, தளிரா, பெண் செங்குரங்கின் சிவந்த முகமா என்பதை நிறமூர்த்த வரிசை சொல்லவே சொல்லாது. அந்த மௌனத்தைச் சான்றாக்குவதுதான் எனக்கு ஏற்கமுடியாதது.

சிங்கராஜக் காட்டோரத் தேவாங்கைப் பற்றியும் இதே அவசரந்தான். அதன் நீல ஒப்சின் செயலிழந்தது இராவாழ்வினால் என்பார்கள். டார்சியரும் ஐ-ஐயும் இரவில் வாழ்ந்தும் அதை இழக்கவில்லை. தேவாங்கின் இழப்போ ஆபிரிக்கக் கலாகோக்களுடன் பகிரும் மூதாதையிடமே நேர்ந்தது. நம் காட்டில் அதற்குக் காரணம் தேடுவது காலத்தைக் குழப்புவது.

ஊளைக்குரங்கை மறந்துவிட்டீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. தென்னமெரிக்காவில் அந்தக் குரங்கு தனியாகவே இந்த இரட்டிப்பை அடைந்தது. அதன் ஆண், பெண் இரண்டுக்கும் மூவண்ணப் பார்வை உண்டென்று 1996இல் வெளியானது. அது இலை அதிகம் தின்பது. எனவே தளிர்க் கதைக்கு ஆதரவுபோலத் தோன்றும். ஆனால் அதே காட்டில் முக்கியமாகப் பழம் தின்று வாழும் சிலந்திக் குரங்குக்கு எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒப்சின் ஒன்றே. அதன் ஆண்கள் அனைத்தும் இருவண்ணப் பார்வையுடனேயே பழம் பறிக்கின்றன. பழத்தேவைதான் இரட்டிப்பை அழைத்தது என்போர் முதலில் விளக்கவேண்டியது இந்தக் குரங்கைத்தான்.