கம்பளி நூலில் வேதக் காட்சி – ஒரு ஜவுளிக்காரனின் பார்வை

சாம்பியன் ரீப்ஸில் ஜவுளிக்கடை வைத்துப் பிழைப்பவன் நான். கலை விமர்சனம் எழுதப் பட்டம் ஏதும் கிடையாது. ஆனாலும் நாற்பது வருஷம் துணியைத் தொட்டுப் பழகிய கைக்குச் சில விஷயங்கள் தெரியத்தானே செய்யும்!

2001 பிப்ரவரி 28-இல் நம் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பழைய பங்களாச் சாமான்கள் சில காயலான் கடைக்கு வந்தன. அங்கே கண்ணாடி உடைந்த ஒரு சட்டத்தை வாங்கினேன். மரியாள் குழந்தையோடு கழுதை மேல் எகிப்துக்குப் போகும் காட்சி. தள்ளி நின்று பார்த்தால் ஓவியம். கிட்டே போனால் அத்தனையும் உல்லன் நூல் தையல்.

இதற்குப் 'பெர்லின் கம்பளி வேலை' என்று பெயர். கட்டம் போட்ட தாளில் வண்ணமிட்ட மாதிரிப் படங்களைப் பெர்லினில் 1804 வாக்கில் பிலிப்சன் என்பவர் வெளியிட்டார். 1810 முதல் விட்டிக் என்பவர் அதைப் பெருக்கினார். அடுத்த முப்பது வருஷத்தில் ஏறக்குறைய 14,000 மாதிரிகள் வந்துவிட்டன. ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். எண்ணத் தெரிந்தால் போதும். சாக்சனி மெரினோ ஆட்டின் கம்பளியைக் கோத்தாவில் நூற்று, பெர்லினில் சாயம் ஏற்றினார்கள். இங்கிலாந்துப் பெண்கள் டாவின்சியின் கடைசி இராப்போஜனத்தைக்கூட இப்படித் தைத்து மாட்டினார்கள்.

1870-களில் வில்லியம் மாரிஸ் வழி வந்தவர்கள் இதைத் தள்ளிவிட்டார்கள். 'வெறும் நகல், வண்ணம் கண்ணைக் குத்துகிறது' என்பது குற்றச்சாட்டு. இதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

நகல் என்பது ஒரு குற்றமா? காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் போய்ப் பாருங்கள். வர்த்தமானர் கோயில் மண்டப விதானத்தில் ரிஷபதேவர் கதை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. கதையும் புராணம் சொன்னது, உருவங்களும் மரபு சொன்னவை. ஓவியர் சொந்தமாகக் கற்பிக்கவில்லை என்று யாராவது குறை சொன்னார்களா? சமயக் கலையில் மாதிரியைப் பின்பற்றுவதும் ஒரு பக்திதான்.

ஆனால் அந்த ஓவியர்கள் கோட்டின் பலம் அறிந்து கோட்டிலேயே நின்றார்கள். நம் கம்பளிப் படமோ எண்ணெய் ஓவியம் மாதிரி ஆகப் பார்க்கிறது. மரியாளின் கன்னத்தில் நிழல் காட்டப்போய், முகம் படிக்கட்டு மாதிரி உடைந்துபோச்சு. அதே கை தைத்த கழுதையைப் பாருங்கள்! முதுகு ரோமம் தொட்டால் எழும்பும் போல இருக்கிறது. கம்பளி கம்பளியாகவே இருந்த இடத்தில் வெற்றி. சாயக்கலவையாக வேஷம் போட்ட இடத்தில் தோல்வி. குற்றம் படியெடுத்ததில் இல்லை, பொருளை மறந்ததில் இருக்கிறது.

வண்ணத்துக்கும் ஒன்று சொல்லணும். ஜவுளிக்காரன் முதலில் துணியைத் திருப்பித்தான் பார்ப்பான். முன்பக்கம் சாம்பலாகிப் போன மேலங்கி, பின்பக்கம் பளிச்சென்று ஊதா! 1856-இல் பெர்கின் கண்டுபிடித்த ஊதாவுக்குப் பின் பரவிய புதுச் சாயங்களில் ஒன்றாக இருக்கலாம். ஆக, வெளுத்த முகப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறு.

சமணனான எனக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. பட்டுக்குப் புழுவைக் கொல்லணும். கம்பளிக்கு ஆட்டைக் கொல்ல வேண்டாம் என்று மகிழ்ந்தேன். இப்போது அந்தக் கம்பளியைத் தின்ன அந்துப்பூச்சி வருகிறது! மருந்தடித்துக் கொல்ல மனம் ஒப்பவில்லை. மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட வைத்து, மெல்லத் தட்டி, வசம்போடு வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கிறேன். மூலையில் கொஞ்சம் போய்விட்டதுதான், கழுதை பிழைத்திருக்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு சட்டம் கிடக்கலாம். காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.