பெயர் சொல்லாத சட்டம்

தேயிலைத் தோட்டத்தில் பொழுது விடிவதே பேர் கூப்பிட்டுத்தான். பெரட்டுக் களத்தில் செக்ரோல் என்ற வரவுப் பதிவில் பேர் விழ வேண்டும். பின்நேரம் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. நுவரெலியாவிலும் அட்டனிலும் தலைமுறை தலைமுறையாக நாள் தவறாமல் எண்ணப்பட்ட சனம் இது. அந்தச் சனத்தைப் பார்த்துத்தான் 1948இல் சுதந்திர இலங்கை கேட்டது: உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு என்ன அத்தாட்சி?

அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியத் தமிழரைக் குறிவைத்தது என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அது எப்படிக் குறிவைத்தது என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரஜையாக இருக்கத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். விதி எல்லோருக்கும் பொது. பூட்டனின் பிறப்புப் பத்திரம் மாத்தறைக் கிராமத்தானிடமும் இருந்திராது. ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு கூட்டத்தைத் தனியே பிரிக்க அதன் பெயரை எழுதத் தேவையில்லை. அதனிடம் இல்லாத கடதாசியைக் கேட்டால் போதும்.

இந்த முறையின் வலிமை நீதிமன்றத்தில் தெரிந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் இடையூறு செய்யும் சட்டத்தை சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதை நம்பித் தொடுத்த கோடாக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லையே! சட்டத்தின் சொல்லைப் பார்த்தவர்கள் அது யார் தலையில் விழுந்தது என்பதைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பதே என் முடிவு.

அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. புது நாடு தன் பிரஜை யார் என்று வரையறுத்தே ஆக வேண்டும். கண்டிச் சிங்கள விவசாயியின் காணிப் பசியும் உண்மையானது. ஆனால் 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தால் அந்த மலைகளை எடுத்துத் துரைமாருக்கு விற்றது வெள்ளைக்கார அரசு. பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் இருந்தவன் ஒரு பேர்ச் காணிகூட எடுக்கவில்லை. தோட்டங்கள் கம்பனிகளிடமே இருந்தன. பறிபோனது கொழுந்து பறித்தவரின் வாக்கு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளைக் கரையேற்றியது. 1949இல் பிரஜைகளுக்கே வாக்கு என்றானது. 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. முதற் சட்டத்தை எதிர்த்த வடக்கின் தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பின் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். அவர் கட்சியிலிருந்த செல்வநாயகம் அதனால் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சி கண்டார். வடக்கிலிருந்த பலருக்கு அது தோட்டக்காட்டான் பிரச்சினையாகவே பட்டது. ஆனால் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அவர்கள் வாசலுக்கே வந்தது.

அந்த 1949 சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகப் பிரஜாவுரிமை விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. இடையில் இந்தியாவில் ஊருக்குப் போய் அதிக காலம் தங்கியவர்களுக்கு அந்தப் பயணமே வினையானது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு. போகிறாயா, இருக்கிறாயா என்று எவரையும் கேட்காமலே கணக்கு முடிந்தது. அக்கா இந்தியா, தம்பி சிலோன் என்று ஒரே லயம் பிரிந்தது. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

அரசு ஒருமுறை அடையாளமிட்டால் மற்றவர்களுக்கும் அது வசதி. இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம்; அதில் புரட்சி பேசிய இளைஞர்களுக்கும் தோட்டத் தொழிலாளி அந்நியனின் கையாளாகவே காட்டப்பட்டான். 1977இலும் 1983இலும் லயங்களுக்குத் தீ வைத்தவர்கள் பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பார்த்து வைக்கவில்லை.

2003இல் பாராளுமன்றம் ஒருமனதாகச் சட்டமியற்றி எஞ்சிய நாடற்றோரையும் பிரஜைகளாக்கியது. ஆனால் பெயர் சொல்லாத அந்த முறை வேறிடத்திலும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக நின்றது. அதிலும் தமிழர் என்ற சொல் கிடையாது. 2018இல் அதைத் திருத்தும்வரை, வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினரிடம் லயத்து வாசல் கானைக் கட்டித்தரச் சொன்னாலும், சட்டத்தில் இடமில்லை என்றுதான் அவர் கைவிரிக்க வேண்டியிருந்தது.