அருகில் நின்றால் மறைவது

இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ‘தூதுவர்கள்’ என்னும் ஓவியம் 1533இல் ஹான்ஸ் ஹோல்பைன் தீட்டியது. நீளமும் அகலமும் இரண்டு மீட்டரைச் சற்றே கடக்கும். 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களிலிருந்து ஒவ்வோர் ஓவியத்தை ஏறத்தாழ 700 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட நுண்படமாக்கி வெளியிட்டபோது, இதுவும் அவற்றுள் இடம்பெற்றது. கலைக்கூடக் காவலர் அனுமதிக்காத நெருக்கத்தைக் கணினித் திரை அனுமதிக்கிறது.

அதன் பயன் சிறிதன்று. தூதர் தாந்த்வில்லின் குறுவாள் உறையில் அவர் வயது 29 என்றும், ஆயர் செல்வ் முழங்கை ஊன்றிய நூலின் விளிம்பில் அவர் வயது 25 என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். கீழ்த்தட்டில் நரம்பொன்று அறுந்த லூட் கிடக்கிறது. ‘அல்-ஊத்’ என்னும் அரபிச் சொல்லே ஐரோப்பிய நாவில் அவ்வாறு திரிந்தது. மேல்தட்டில் விரித்திருப்பது அனத்தோலியக் கம்பளம். அவ்வகைக் கம்பளங்களுக்கு மேலைக் கலைவரலாற்றாசிரியர்கள் வழங்கும் பெயரோ ‘ஹோல்பைன் கம்பளம்’! நெய்தவர் பெயர் போய், பார்த்து வரைந்தவர் பெயர் நின்றுவிட்டது. எத்துணை பெரிதாக்கினும் அந்த நெசவாளரை இப்படத்தில் காண இயலாது.

இனி, தூதுவர்களின் காலடியில் குறுக்காகக் கிடக்கும் சாம்பல் நிறத் தீற்றலை நோக்குக. அது ஒரு மண்டையோடு. ஓவியத்தின் வலப்புறம் ஒதுங்கிச் சாய்வாகப் பார்ப்பவருக்கே அது உருக்கொள்ளும். நுண்படத்தில் அதனை நெருங்க நெருங்க வண்ணமும் வெடிப்பும் மிகுகின்றன, மண்டையோடு மறைகிறது. முழுப்படத்தையும் திரையில் சுருக்கி, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓரளவு தெரியும் என்பது உண்மையே. ஆயின் அதற்கு, நுண்படம் தந்த நெருக்கத்தைத் துறந்தாக வேண்டும்.

இப்னுல் ஹைஸம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், பார்வை பிழையின்றி அமைவதற்கான நிபந்தனைகளுள் மிதமான தொலைவையும் பொருள் கண்ணுக்கு எதிர்முகமாக இருத்தலையும் வைக்கிறார். மிகச் சேய்மை போன்றே மிக அண்மையும் பிழைக்குக் காரணம் என்பது அவர் துணிபு. நுண்படம் முதல் நிபந்தனையைப் புறக்கணிக்கிறது. ஹோல்பைனோ இரண்டாவதை வேண்டுமென்றே மீறி, அம்மீறலையே பொருளாக்கினார். பார்ப்பவரை நகரச் செய்வதே அவர் நோக்கம். நாற்காலியில் அமர்ந்து சுட்டியை மட்டும் நகர்த்துபவர் அந்நோக்கத்திற்கு வெளியே இருக்கிறார்.

இடப்பக்க மேல் மூலையில், பச்சைத் திரைச்சீலைக்குப் பின் சிலுவையொன்று பாதி மறைந்திருக்கிறது. அதனைக் காண நுண்படம் பெரிதும் உதவும். அங்கே தேட வேண்டும் என்பதை முன்னரே அறிந்தவருக்கு மட்டும். ஆகவே இப்படத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், வலப்புறத்திலிருந்து சாய்வாக எடுத்த சாதாரண நிழற்படம் ஒன்றையும் உடன் வைத்துக்கொள்வது நலம்.