குருவியும் குறியீடும்

நம் கவிதைகளில் பறவை நிறைய வருகிறது. மரம் வருகிறது, பூவும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. என்ன பறவை, எந்த மரம் என்று கேட்டால் பதில் இல்லை. கேட்பதே ரசனைக் குறைவு என்றாகிவிட்டது. பறவை என்றால் விடுதலை, மரம் என்றால் மௌனம், உதிர்ந்த பூ என்றால் காலம் என்று ஒரு விலைப்பட்டியல் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. எழுதுகிறவன் பட்டியலைப் பார்த்து எழுதுகிறான், வாசிக்கிறவன் பட்டியலைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். இந்தப் பரிவர்த்தனையில் வாசலில் கத்திக்கொண்டிருக்கும் காக்கைக்கு இடமில்லை. ஒரு கவிதையில் வரும் பிராணியை அந்தக் கவிஞன் பார்த்திருக்கிறானா என்று கேட்பது விமர்சனத்துக்குப் புறம்பான காரியம் அல்ல, விமர்சனத்தின் முதல் காரியங்களில் ஒன்று என்பது என் கட்சி.

உடனே சங்க இலக்கியத்தைக் காட்டுவார்கள். திணைக்கொரு புள், திணைக்கொரு மரம் என்று வகுத்த மரபு நமது என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துப் பெருமை பார்ப்பதற்குத் துணையாக இல்லாமல், பார்க்காமல் இருப்பதற்குச் சமாதானமாகவே பயன்படுகிறது. குறிஞ்சிப்பாட்டின் பூக்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பி.எல். சாமி சங்க நூல்களின் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் இன்னதென்று அடையாளம் காண ஆயுளின் பெரும் பகுதியைச் செலவிட்டார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து விமர்சகன் தொடங்கியிருக்க வேண்டும். இந்தப் பறவை இந்தக் கவிதையில் என்ன செய்கிறது, வேறொன்றை வைத்தால் கவிதை நிற்குமா என்று கேட்டிருக்க வேண்டும். நாம் அடையாளம் கண்டதோடு திருப்தியடைந்துவிட்டோம்.

நான் உறையூர்க்காரன். என் ஊருக்கே ஒரு வீட்டுப் பிராணியின் பெயர் உண்டு: கோழி. இந்த மண்ணில் ஒரு கோழி யானையை எதிர்த்து வென்றதாகவும், அந்த மண்ணின் வலிமை கண்டு சோழன் இங்கே தலைநகர் அமைத்ததாகவும் ஐதிகம். வாரணம் என்ற சொல் யானைக்கும் கோழிக்கும் பொதுவாக இருப்பதை வைத்து இளங்கோ சிலம்பில் விளையாடியிருக்கிறார். விளையாட்டு அழகுதான். ஆனால் கதையில் கோழிக்கு என்ன கிடைத்தது? வெற்றி மண்ணுக்குப் போயிற்று, மண் அரசனுக்குப் போயிற்று. குப்பையைக் கிளறி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும் அந்த ஜந்து கதைக்குள் வரவே இல்லை. இதுதான் குறியீட்டின் வழி. பெயரை எடுத்துக்கொண்டு பிராணியை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிடும்.

வேறு வழி நம்மிடமே இருந்தது. குறுந்தொகையின் 46ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். பாட்டின் முக்கால் பங்கு வீட்டுக் குருவிதான். வாடிய ஆம்பலின் நிறத்தில் அதன் சிறகு. முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்துகிறது, பொதுவிடத்தில் உலர்ந்த எருவின் பொடியைக் குடைந்து விளையாடுகிறது, பிறகு இறப்பில் குஞ்சுகளோடு அடைகிறது. எல்லாம் கண்ணால் கண்டது. குருவி புழுதியில் குளிக்கும் பழக்கமுள்ளது. குழி பறித்து உட்கார்ந்து, சிறகைச் சிலுப்பித் தூளை மேலே வாரிப் போட்டுக்கொள்ளும். புலவர் அதற்கு விளக்கம் சொல்லவில்லை, செய்கையை வைத்துவிட்டு நகர்கிறார். பிறகுதான் தலைவியின் கேள்வி வருகிறது: அவர் போன ஊரில் இந்த மாலையும் இந்தத் தனிமையும் இல்லையா?

இந்தக் கேள்விக்குக் குருவி ஏன் வேண்டும்? மயிலோ அன்றிலோ ஏன் ஆகவில்லை? மயில் இருக்கும் ஊர் உண்டு, இல்லாத ஊர் உண்டு. குருவி எங்கும் இருப்பது. மனிதன் கூரை போட்ட இடமெல்லாம் அது இறப்பில் புகுந்துவிடும். ஆகவே அவன் போன ஊரிலும் இதே சாயங்காலம் இதே குருவி குஞ்சோடு அடைந்தாக வேண்டும், அதைப் பார்த்தும் அவன் திரும்பவில்லை. குருவி சாதாரணமானது என்பதே இந்தக் கவிதையின் விசை. அது எதற்கும் குறியீடாக நிற்கவில்லை. இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஒரு சாட்சியாக இருக்கிறது. அன்றாடப் பிராணிகளைப் பற்றி எழுதுவது பெரிய விஷயங்களை விட்டுவிட்டுச் சின்ன விஷயங்களுக்குப் போவது என்று நினைக்கிறவர்கள் இந்தப் பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தெருவில் குருவி இல்லாமல் போனால் என்ன நஷ்டம் என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. கவிதையின் கேள்வி அந்தத் தெருவில் கேட்க முடியாததாகிவிடும். உறையூரில் நாட்டு ஓடும் உத்திரமும் தாழ்வாரமும் போய்ச் சந்து பொந்தில்லாத கான்கிரீட் சுவர்கள் வந்துவிட்டன. தானியம் முற்றத்தில் காய்வதில்லை, பாலிதீன் பையில் வருகிறது. குஞ்சுக்குத் தாய் ஊட்டுவது பெரும்பாலும் புழுபூச்சி. செடியும் மண்ணும் இல்லாத இடத்தில் அதற்கு எங்கே போகும்? இதெல்லாம் நின்று பார்த்தால் தெரியக்கூடியது. நாம் பார்க்கவில்லை. செல்போன் கோபுரம் குருவிகளைக் கொன்றது என்ற ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டோம். 2018இல் வந்த ‘2.0’ படம் அதைப் பல கோடி செலவில் சொன்னது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையோ நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுக் குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரங்களின் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. குருவிக்காக அழுவதும் பட்டியலைப் பார்த்து அழுவதாகிவிட்டது. முன்பு விடுதலை, இப்போது அழிவு. பெயர்ச்சீட்டு மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை.

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் பத்து நிமிஷம் நடந்தால் போதும். ஆகாயத்தாமரை மூடிய சாக்கடை நீர். அந்த இலைமெத்தையின் மேலே மண்நிறத்தில் ஒரு மடையான் கூனிக்கொண்டு நிற்கும். பறக்கும்போதுதான் அத்தனை வெள்ளை அதற்குள் இருந்தது தெரியும். மின்கம்பியில் மீன்கொத்தி. பெயர்தான் மீன்கொத்தி, வெண்மார்பு கொண்ட இந்த இனம் ஓணானையும் வெட்டுக்கிளியையும் தின்று தண்ணீரே இல்லாத தெருவிலும் பிழைத்துக்கொள்ளும். பழைய மதில்களின் இடுக்கில் அரசங்கன்று. யாரும் நட்டதல்ல, பழம் தின்ற காக்கையோ மைனாவோ எச்சத்தோடு விட்டுச்சென்ற விதை.

அப்புறம் எருக்கு. நம் கவிதையில் எருக்கு முளைத்தால் வீடு பாழானது என்று அர்த்தம், வேறு அர்த்தம் இல்லை. குனிந்து இலையின் அடியைப் பார்த்தவனுக்கு வேறு தெரியும். கறுப்பு வெள்ளை மஞ்சள் வளையங்களோடு ஒரு புழு அந்த நச்சுப் பாலுள்ள இலையைத் தின்றுகொண்டிருக்கும். நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தீண்டத் தயங்கும். அதுதான் வெந்தய வரியன் என்ற செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கிறது. பாழ் என்று நாம் எழுதிய இடத்தில் ஒரு பிரசவ அறை நடந்துகொண்டிருக்கிறது. பாழின் படிமமாக எருக்கை எழுதக்கூடாது என்று சொல்ல வரவில்லை. இவ்வளவையும் பார்த்தபின் எழுதப்படும் பாழ் வேறாக இருக்கும், கனமாக இருக்கும் என்கிறேன்.

கவிதை என்ன விலங்கியல் பாடமா என்று ஒரு ஆட்சேபம் வரும். பாரதியின் ‘குயில் பாட்’டில் பாடுவது பெண்குயில். நிஜத்தில் நாம் கேட்டு மயங்கும் அந்தக் கூவல் ஆண்குயிலுடையது, கறுப்பாக இருக்கும் அது. பெண் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, அதன் கத்தல் கரகரப்பு. இதனால் குயில் பாட்டு கெட்டுவிட்டதா? இல்லை. அது மயக்கத்தின் கவிதை, அந்தக் குயில் கனவின் தர்க்கப்படி பாடுகிறது. ஆனால் கனவு காணாதவர்களும் அதே பெண்குயிலைக் கூவவைக்கிறார்கள். பாரதியிடம் சிருஷ்டியாக இருந்தது பின்வந்தவர்களிடம் நகல். தகவல் பிழை என் பிரச்னை அல்ல. பார்த்து மீறுவதும் பாராமல் மீறுவதும் ஒன்றல்ல என்பதே பிரச்னை.

உரைநடை இதில் சற்று மேல். ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது. பலர் அதை ஒரு குறியீட்டின் கதையாக வாசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த மரம் புளியமரமாக இருப்பது முக்கியம். நிழலும் காய்ப்பும் பேய்ப் பயமும் சேர்ந்த ஒரு மரம், ஊர் தன்னைச் சுற்றி வளர்ந்துவிட்டதால் நாற்சந்தியில் அகப்பட்டுக்கொள்கிறது, மனிதர்களின் போட்டியில் சாகிறது. அரசமரமாக மாற்றிப் பாருங்கள், வேறு நாவலாகிவிடும்.

முழு வாழ்வையும் இப்படிப் பார்ப்பதில் செலவிட்டவர் மா. கிருஷ்ணன், அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளை அறிந்தவர் காக்கையையும் அணிலையும் பல்லியையும் அதே கவனத்தோடு எழுதினார். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் அவருடைய பத்தி வந்தது. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தார். அதை இயற்கை நூல் என்று தனி அலமாரியில் வைத்துவிட்டோம். அது உரைநடையின் பிரச்னை, நடையின் பிரச்னை. ஒரு பிராணியை அதன் செய்கையால் சொல்லி, அன்பு பொங்கவும் விடாமல், உவமையில் மூழ்கவும் விடாமல் வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்பதை நம் கவிஞர்கள் அங்கே கற்கலாம்.

இனி எனக்கு அனுப்பப்படும் கவிதையில் ‘ஒரு பறவை’ என்று வந்தால் பென்சிலால் கோடு போட்டு, எது என்று ஓரத்தில் எழுதப்போகிறேன். குருவி என்று பதில் வந்தால் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கிறது: எந்த இறப்பில் அடைகிறது?