ஜான் மத்தாய்: ஒரு ராஜினாமாவின் கணக்கு

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கிறிஸ்தவக் கல்லூரியைப் பற்றி எங்கள் பக்கம் பெருமையாக ஒரு தகவல் சொல்வாங்க. சுதந்திர இந்தியாவின் முதல் நான்கு நிதியமைச்சர்களில் மூன்று பேர் அங்கே படித்தவர்கள்: ஆர்.கே. சண்முகம் செட்டியார், ஜான் மத்தாய், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆள் சரி, இடம்தான் தப்பு. கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937-ல். இவர்கள் படித்தது ஜார்ஜ் டவுனில்.

இந்தப் பெருமையோடு யாரும் சேர்த்துச் சொல்லாத ஒன்று உண்டு. மத்தாய்க்குப் பிறகு வந்த சி.டி. தேஷ்முக்கையும் சேர்த்து நான்கு பேருமே ராஜினாமா செய்து வெளியேறியவர்கள். 1948, 1950, 1956, 1958. இந்தக் குறிப்பு 1950 பற்றியது.

வழக்கமான கதை இதுதான்: மத்தாய் சுதந்திரச் சந்தைக்காரர், திட்டமிடலுக்கு எதிரி, நேருவுக்குப் பணியாமல் பதவியைத் தூக்கி எறிந்தார். நானும் பல வருஷம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது கதை நிற்கவில்லை.

மத்தாய் லண்டனில் ஆய்வு செய்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் கிராம நிர்வாகம் பற்றி 1915-ல் அவர் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை தந்தவர் சோஷலிஸ்டான சிட்னி வெப். பிறகு சென்னையில் பொருளாதாரப் பேராசிரியர், சுங்கவரி வாரியத் தலைவர், டாடா நிறுவனத்தில் உயர்பதவி. 1944-ல் வெளியான பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்ட எட்டுப் பேரில் ஒருவர். 15 வருஷம், 10,000 கோடி ரூபாய், அரசுக்குப் பெரிய பங்கு. இதில் கையெழுத்துப் போட்டவரைத் திட்டமிடலின் எதிரி என்று எப்படிச் சொல்வது?

அவர் எதிர்த்தது திட்டத்தை அல்ல, திட்டக் கமிஷனின் அமைப்பை. அது இன்னொரு அமைச்சரவையாக ஆகிவிடும் என்பது அவர் வாதம். நாடாளுமன்றத்தில் பணத்துக்குப் பதில் சொல்பவர் நிதியமைச்சர். எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பதோ பிரதமரின் தலைமையில் இயங்கும், சட்டம் உருவாக்காத ஒரு குழு. சாஃப்ட்வேர்க்காரங்களுக்கு இது உடனே புரியும்: முடிவு ஒரு டீம் எடுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வருவது இன்னொரு டீமுக்கு. அமைச்சரவையோடு அவருக்கு வேறு பிணக்குகளும் இருந்தன. அந்த ஏப்ரலில் கையெழுத்தான நேரு–லியாகத் ஒப்பந்தம் அதில் ஒன்று.

என் விமர்சனம் இங்கேதான். 1950 பிப்ரவரி 28 பட்ஜெட் உரையில் கமிஷன் அமைக்கப்படுவதை அவையில் அறிவித்தவர் மத்தாயே. மார்ச் 15-ல் தீர்மானம் வந்தது. ஜூன் பிறந்தபோது அவர் பதவியில் இல்லை. தன் வாயால் அறிவித்ததை மூன்று மாதத்தில் மறுத்தவரின் பின்னால் யார் நிற்பார்கள்? கட்சியில் அவருக்கு வேர் கிடையாது. அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் ராஜினாமா; அதை ஒருமுறைதான் வீச முடியும். அவர் இடத்துக்கு வந்த தேஷ்முக் அந்தக் கமிஷனிலேயே உறுப்பினர். அதாவது, மத்தாய் எதிர்த்த ஏற்பாட்டுக்கு அவர் விலகல் தடையாக இல்லை, வழிவிட்டது.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். காரணம் உண்டு. முன்பு ஒரு கம்பெனியில், தவறென்று நான் நினைத்த ஒரு முடிவுக்காக வேலையை விட்டேன். நான்தான் அந்த முடிவை மீட்டிங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டியவன். படிக்கும்போது வாயைத் திறக்கவில்லை. நான் போன பிறகும் அந்த முடிவு அப்படியே நடந்தது. இந்தக் கதையை மத்தாயின் உதாரணத்தோடு பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் மத்தாய் சொன்ன விஷயம் தப்பில்லை. மாநிலங்கள் தங்கள் திட்ட ஒதுக்கீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் அந்தக் கமிஷன் வாசலில் நின்றன. 1971-ல் தமிழ்நாட்டின் ராஜமன்னார் குழுவும், அதைக் கலைத்துவிட்டுச் சட்டப்படியான அமைப்பு வேண்டும் என்றது. 2015-ல் நிதி ஆயோக் வந்தது. அதுவும் அமைச்சரவைத் தீர்மானத்தில் பிறந்ததுதான், சட்டத்தில் அல்ல. மத்தாய் கேட்ட கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

பதவி போனபின் ஸ்டேட் பாங்கின் முதல் தலைவர், பம்பாய், கேரளப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் என்று அவர் நிறையச் செய்தார். அந்த வேலைகளில் அவர் யாருடைய ஆதரவையும் திரட்ட வேண்டியிருக்கவில்லை.

சண்முகம் செட்டியாரின் 1948 பற்றித் தனியாக எழுதணும். இதில் தேதிப் பிழை ஏதும் கண்ணில் பட்டால் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.